ஓவர்டேக் பண்ணும்போது கேமராவில் 108 கி.மீ. வேகம்: படத்தில் ரெண்டு வண்டி, அபராதம் எங்க வண்டிக்கு. என்ன செய்யலாம்?

ஆற்காடு டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளியில ஆசிரியை. கார் அப்பா பேர்ல இருக்கு, ஓட்டுறது நான்தான். தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கிட்டு காஞ்சிபுரம் கிளம்பினோம். காவேரிப்பாக்கம் தாண்டி, ஓச்சேரி வர்றதுக்கு முன்னால நடந்தது இது.

எனக்கு முன்னால ஒரு வெள்ளைக் கார் இடது லேன்ல எழுபதுலயே போய்க்கிட்டிருந்தது. நான் பின்னால பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஹாரன் கொடுத்து வலது லேனுக்கு வந்தேன். அவர் வண்டியோட பின்கதவு வரைக்கும் போயாச்சு. அதுவரைக்கும் ஒரே சீரா போனவர் அப்பதான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க ஆரம்பிச்சார். நான் ஏற ஏற அவரும் ஏறினார். எனக்கு வலது பக்கம் சென்டர் மீடியன், இடது பக்கம் அவர், பின்னால ஒரு பஸ் லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்குது. சித்தி பின்சீட்ல முருகா முருகான்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நான் காலை எடுத்துட்டேன். அவர் என்னைத் தாண்டி முன்னால போனார். போய் என்ன, கொஞ்ச தூரத்துல ஒரு டிரெய்லருக்குப் பின்னால மாட்டிக்கிட்டு நின்னார்.

மறு வாரமே அப்பா போனுக்கு மெசேஜ் வந்தது. இ-சலான் தளத்துல போய்ப் பார்த்தா படம் இருக்கு. முன்பக்கத்துல இருந்து எடுத்தது. ரெண்டு வண்டியும் பக்கத்துல பக்கத்துல தெரியுது. அந்த வெள்ளைக் காரோட பானெட் எங்க வண்டியை விட ஒரு கதவு அளவுக்கு முன்னால இருக்கு. ஆனா கீழே நம்பர் பிளேட்டை மட்டும் தனியாப் பெரிசாக்கிக் காட்டியிருக்கிறது எங்க வண்டியோடது. வேகம் 108, அனுமதிச்ச வேகம் 80ன்னு போட்டிருக்கு.

எங்க வண்டியில டேஷ்கேம் (முன்னால ரோட்டைப் படம் பிடிக்கிற கேமரா) இருக்கு, ஜி.பி.எஸ். வேகமும் அதுலயே பதிவாகும். அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். நான் போன அதிகபட்ச வேகம் 92. 108 எங்கேயும் இல்ல.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். அந்த 108 என் வண்டியோடதா, அவர் வண்டியோடதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நாலு வழிச் சாலையில காருக்கு 100 வரைக்கும் போகலாம்னுதானே சட்டம், 80 எங்கேருந்து வந்தது? ஓவர்டேக் பண்ற நேரத்துக்குச் சட்டத்துல ஏதாவது தளர்வு உண்டா? வண்டி அப்பா பேர்ல இருக்கிறதால அவர் பேருக்கு ஏதாவது கெட்ட பேர் வருமா? அப்பா ரிட்டையர் ஆகிற வரைக்கும் ஒரு மெமோ வாங்காத மனுஷன். மெசேஜைப் பார்த்ததிலிருந்து சரியாத் தூங்கல. எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு.

---

ஆம்பூர் பாஷா:

மேடம், ஆயிரம் ரூபாய்தான் வரும். போன்லயே கட்டிட்டு வேலையைப் பாருங்க. இதுக்குன்னு லீவு போட்டு அலைஞ்சா அதைவிட அதிகம் செலவாகும். அப்பாகிட்ட கட்டிட்டேன்னு சொல்லிடுங்க, தூங்கிடுவார்.

---

காந்திநகர் எலக்ட்ரானிக்ஸ்:

வேகம் அளக்கிற கருவிகளோட எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, அதனால முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன்.

முதல்ல பார்க்க வேண்டியது, அளந்தது லேசரா, ரேடாரா என்பது. லேசர் கதிர் 100 மீட்டர் தூரத்துலயும் கிட்டத்தட்ட ஒரு அடி அகலம்தான் இருக்கும். பிடிக்கிறவர் எந்த நம்பர் பிளேட்டைக் குறி பார்த்தாரோ அந்த வண்டியோட வேகம்தான் வரும். பக்கத்துல வேற வண்டி இருந்தாலும் குழப்பத்துக்கு இடம் குறைவு. ரேடார் அப்படி இல்ல. கதிர் 12 டிகிரி விரியுதுன்னு வைங்க, 100 மீட்டர்ல அது 21 மீட்டர் அகலம் ஆயிடும். அந்தப் பக்கத்து ரெண்டு லேனும் அதுக்குள்ளேயே அடங்கிடும். சாதாரண ரேடார் துப்பாக்கி, திரும்பி வர்ற அலைகள்ல பலமானதையோ வேகமானதையோ எடுத்துக் காட்டும். புதுசா வர்ற பல லேன் கருவிகள் ஒவ்வொரு வண்டியையும் தூரம், கோணம் ரெண்டையும் வச்சுத் தனித்தனியாப் பின்தொடரும். அதனால எந்த வகைக் கருவின்னு தெரியாம "தப்பா அளந்துட்டாங்க"ன்னு சொல்லவும் முடியாது, "சரியாத்தான் இருக்கும்"னு விட்டுடவும் முடியாது.

உங்க விஷயத்துல ஒரு தர்க்கம் இருக்கு. பொதுவா ஓவர்டேக் படத்துல "அது பக்கத்து வண்டியோட வேகம்"னு வாதாடுறது எடுபடாது. ஏன்னா தாண்டிக்கிட்டு இருக்கிற வண்டிதானே ரெண்டுலயும் வேகமான வண்டி? பக்கத்து வண்டி 108ன்னா தாண்டுறவர் அதுக்கும் மேல போயிருக்கணும். ஆனா நீங்க காலை எடுத்துட்டீங்க, அவர் முன்னால போய்க்கிட்டிருக்கார். அந்த நொடியில வேகமான வண்டி அவரோடது. படத்துல அவர் பானெட் ஒரு கதவு முன்னால இருக்குங்கிறதை டேஷ்கேம் பதிவோட ஒப்பிடுங்க. கடிகாரத்தை நம்பாதீங்க, டேஷ்கேம் கடிகாரமும் அவங்க கருவியோட கடிகாரமும் ஒண்ணா ஓடாது. அவர் முன்சக்கரம் உங்க பார்வையில எந்த இடத்துல இருக்கு, ரோட்டோரத்துல எந்த மரம், எந்தக் கம்பம் தெரியுதுன்னு பார்த்து அந்த ஃபிரேமைப் பிடிங்க. அந்த ஃபிரேம்ல உங்க வேகம் என்னன்னு எழுதி வைங்க. ஜி.பி.எஸ். வேகம் ஒண்ணு ரெண்டு விநாடி பின்தங்கிக் காட்டும், அதையும் சேர்த்துப் பாருங்க.

இன்னொண்ணு. வண்டி ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டக் கூடாதுங்கிறது விதி, அதனால எல்லா கம்பெனியும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். உங்க ஸ்பீடாமீட்டர் அன்னிக்கு 96, 97 காட்டியிருந்தா ஜி.பி.எஸ். 92ங்கிறது சரியாப் பொருந்தும். ரோட்டோரத்துல சாய்வா நின்னு அளக்கிற ரேடார் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. 20 டிகிரி சாய்வுல நின்னா 100ல போற வண்டி 94ன்னு தெரியும். அதனால 92ல போன வண்டி 108ன்னு வந்திருக்குன்னா, கோணத்தால வந்த வித்தியாசம் இல்ல அது. வேற வண்டியோட வேகமா இருக்கவே வாய்ப்பு அதிகம்.

---

சத்துவாச்சாரி வக்கீல்:

மேலே எழுதியவர் சொன்னது தொழில்நுட்பமாகச் சரி. ஆனால் சட்டத்தில் அதை அப்படியே கொண்டுபோய் வைத்தால் உங்களுக்கே பாதகமாக முடியும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஓவர்டேக் செய்யும் நேரத்துக்கு எந்தத் தளர்வும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 112ஆம் பிரிவு வேக வரம்பைச் சொல்கிறது, 183ஆம் பிரிவு அதை மீறினால் என்ன என்று சொல்கிறது. இரண்டிலும் "முந்தும்போது தவிர" என்று ஒரு சொல் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. மறுபடி அதே குற்றம் என்றால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யலாம். பாஷா பாய் சொல்வதுபோல உடனே கட்டிவிடுவது எளிதுதான், ஆனால் அது முதல் குற்றமாகப் பதிவாகும் என்பதை யோசித்துக் கட்டுங்கள்.

நாலு வழிச் சாலையில் காருக்கு 100 என்பது 2018இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்பு. நடுவில் தடுப்பு உள்ள நாலு வழிச் சாலைக்கு அது. அதற்குக் கீழே ஒரு இடத்தில் 80 என்றோ 60 என்றோ வைக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அப்படிக் குறைத்தால் அந்த இடத்தில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்பதும் அதே 112ஆம் பிரிவில்தான் இருக்கிறது. உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான்.

காரணம் சொல்கிறேன். 183ஆம் பிரிவில் 92க்கு ஒரு தொகை, 108க்கு ஒரு தொகை என்று படி இல்லை. வரம்பு 80 என்று நிலைநின்றுவிட்டால் 92உம் குற்றம்தான். "நான் 108 போகவில்லை, 92தான்" என்று டேஷ்கேமை நீட்டினால் உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். வரம்பு 100 என்று ஆகிவிட்டாலோ, 92 குற்றமே இல்லை. அப்போது 108 யாருடையது என்ற கேள்விக்கு முழு மதிப்பு வரும். ஆகவே முதலில் பலகை, பிறகுதான் வேகம்.

அடுத்து நோட்டீஸைச் சரிபாருங்கள். 136A பிரிவும், 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167Aவும் கேமரா வழக்குகளுக்கானவை. கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கேமரா கண்காணிப்பு இருக்கிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும். குற்றம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். உங்களுக்கு மறு வாரமே வந்துவிட்டது, அதில் வாதம் இல்லை. குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி காட்டிய அளவு, நாள், நேரம், இடம், மீறிய பிரிவு, மின்னணு ஆவணத்துக்கான சான்று ஆகியவை இருக்க வேண்டும். அந்தச் சான்று முன்பு சாட்சியச் சட்டத்தின் 65Bயில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. ரேடார் வேகமானிகளை எடையளவுத் துறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்ற விதியும் 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே கருவி எது, சான்று எது என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்பாவைப் பற்றி: நோட்டீஸ் உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். ஓட்டியது யார் என்று சொல்லும் கடமை 133ஆம் பிரிவுப்படி அவருக்கு உண்டு, அவ்வளவுதான். ஓட்டியது மகள் என்று எழுதிக் கொடுத்தால் போதும். அவருக்கு அவப்பெயர் எதுவும் இல்லை, நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

---

காட்பாடி கால் டிரைவர்:

டீச்சர், வணக்கம். நான் காட்பாடி. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்ற பேஷண்டுங்களை மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு விடறதும் அங்கேருந்து இட்டுக்கினு வர்றதும்தான் என் தொழில். வங்காளம், அசாம், திரிபுரான்னு எங்கெங்கேருந்தோ வருவாங்க. நீங்க சொல்ற அந்த ரோட்டுல ராத்திரி பகல்னு இல்லாம ஓட்டிக்கினு இருக்கேன். உங்க கேள்வியப் படிச்சதும் மனசு கேக்கல, அதான் பெருசா எழுதறேன்.

பாஷா பாய் கோச்சுக்கக் கூடாது. ஆயிரம் ரூபா கட்டிட்டுப் போறது உங்களுக்கும் டீச்சருக்கும் சரி. எங்களை மாதிரி லைசென்ஸ் வச்சிக்கினு சோறு தின்றவனுக்கு அது சரியில்ல. நாளைக்கு இன்னொரு தபா வந்தா லைசென்ஸைப் புடிச்சி வெச்சிடுவாங்க, வக்கீல் சாரே சொல்லிட்டாரு. அத்தோட நம்ம மேல இல்லாத குத்தத்தை நாமே எழுதிக் குடுக்கறது எதுக்கு? டீச்சரு காலை எடுத்தவங்க. அவுங்க செஞ்சதுதான் சரி, அத மொதல்ல யாராவது சொல்லணும்.

போர்டு விசயம். முந்தாநேத்து ஏர்போர்ட் டிராப் ஒண்ணு இருந்தது, போற வழியில பார்த்துக்கினே போனேன். வாலாஜா டோல் தாண்டினதுலேருந்து ஆறு வழி ஆக்கற வேலை வருசக்கணக்கா நடக்குது, உங்களுக்கே தெரியும். பாலம் கட்டற எடத்துல எல்லாம் சர்வீஸ் ரோட்டுல எறக்கி ஏத்தறாங்க. அந்த எறக்கத்துல 40 போர்டு, ஏறினதும் வேற போர்டு, சில எடத்துல ஏறின பெறவு ஒண்ணுமே இல்ல. நீங்க சொல்ற எடத்துக்கு முன்னால, மெட்ராஸ் போற பக்கம், 80 போர்டு ஒண்ணு இருக்குது. இல்லன்னு சொல்லாதீங்க. ஆனா எங்க இருக்குது? இடது ஓரத்துல, ஒரு டீக்கடைக்கு முன்னால. அங்க எந்நேரமும் லாரிங்க நிறுத்தி வெச்சிருக்காங்க. போர்டு கம்பத்தோட கால்தான் லாரிக்கு அடியில தெரியுது, தலை தெரியல. நான் வண்டிய ஓரம் கட்டி எறங்கிப் போய் லாரிக்கு அந்தாண்ட நின்னுதான் நம்பரைப் படிச்சேன். மீடியன்ல அதுக்கு ஜோடி போர்டு கெடையாது. வலது லேன்ல வர்றவனுக்கு அந்த 80 எப்படித் தெரியும்? அந்த எடத்துல போர்டு ரெண்டு பக்கமும் வெச்சே ஆகணும், இது டீச்சரோட கேசுக்காக மட்டும் சொல்லல.

போட்டோ ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன், லாரியோட ஒண்ணு, லாரிக்கு அந்தாண்ட ஒண்ணு. வேணும்னா அனுப்பறேன். ஆனா நான் எடுத்தது வேற நாளு. அன்னிக்கு அங்க லாரி நின்னுச்சாங்கறத உங்க டேஷ்கேமுதான் சொல்லணும். அந்த டீக்கடை மேல நீல தார்ப்பாய் போட்டிருக்கும், அத அடையாளம் வெச்சிப் பாருங்க.

இப்ப அந்த வெள்ளைக் காரு. எனக்குக் கோபம் அவர் மேலதான். 2017ல வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையில தெளிவா இருக்குது, ஒருத்தன் நம்மள முந்தும்போது நாம வேகத்தைக் கூட்டக் கூடாது, தடுக்கவும் கூடாது. அதுக்கு முன்னால இருந்த 1989 விதியிலயும் இருந்ததுதான். புதுசு ஒண்ணும் இல்ல. ஆனா எந்த கேமரா அதப் பிடிக்குது? 80 போர்டைத் தாண்டினவன் மாட்டறான், பக்கத்துல வந்தவள மீடியனோட வெச்சி அழுத்தினவன் வூட்டுக்குப் போயி நிம்மதியா சாப்பிடறான். எங்க டிரைவருங்க கூட்டத்துல நான் இத எப்பவும் சொல்லுவேன். ஒருத்தன் உன்ன முந்தறான்னா அது உன் மரியாதைக்குக் கொறச்சல் இல்ல. அவனுக்கு அவசரம், போவட்டும். வயித்துல தையல் போட்ட பேஷண்ட் பின்னால படுத்திருக்கும்போது நான் ஒரு தபா சடன் பிரேக் அடிச்சாலும் அந்தம்மா கத்தற சத்தம் இன்னான்னு எனக்குத் தெரியும். அவுங்களுக்கு பாஷை வேற, வலி ஒண்ணுதான்.

நான் எப்படி முந்தறேன்னு சொல்றேன், அவர் செஞ்சதுக்கு இன்னா காரணம்னும் அதுலயே புரியும். முன்னால போறவன் 70, நான் 80ன்னு வைங்க. வித்தியாசம் 10தான். விநாடிக்கு மூணு மீட்டரு கூட அவன்கிட்ட நான் நெருங்கல. 20 மீட்டர் பின்னால கிளம்பி, அவனைத் தாண்டி 20 மீட்டர் முன்னால போயி சேரணும்னா ரெண்டு வண்டி நீளத்தோட 48 மீட்டர் நான் அதிகமா ஓடணும். அதுக்கு 17 விநாடி ஆவும். அந்த 17 விநாடியில என் வண்டி ரோட்டுல 380 மீட்டர் ஓடியிருக்கும். அவன் 60ல போனான்னா பாதி நேரம், பாதி தூரம் போதும். அதனால எழுபதுல போறவன முந்தறது சின்ன வேலை இல்ல. எனக்கு முன்னால ரோடு காலியா இருக்குதான்னு பார்த்தா பத்தாது, அவனுக்கு முன்னால இன்னா இருக்குதுன்னும் பாக்கணும்.

டீச்சருக்கு இன்னா ஆச்சு? அந்த வெள்ளைக் காருக்கு முன்னால டிரெய்லரு. டிரெய்லரு 40ல போவுது, நூறு மீட்டர் தள்ளி இருக்குதுன்னு வைங்க. 12 விநாடியில வெள்ளைக் காரு அது முதுகுல போயி நிப்பான். டீச்சரு அவனத் தாண்டறதுக்கு 17 விநாடி. நடுவுலயே அவனுக்கு எடம் தீருது. அப்ப அவன் பிரேக் புடிக்கணும், இல்ல டீச்சரு போறதுக்குள்ள தான் முந்திப் போயி வலது லேனுக்கு வந்துடணும். அவன் ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தான். அதான் திடீர்னு மிதிச்சது. தப்பு அவனோடதுதான், சந்தேகமே இல்ல. ஆனா அவன் மிதிப்பான்னு டிரெய்லரைப் பார்த்தே சொல்லிடலாம். அந்த மாதிரி நேரத்துல நான் கிளம்பவே மாட்டேன். அவன் டிரெய்லர்கிட்ட போற வரைக்கும் பின்னாலயே போவேன். அவன் வலது பக்கம் வந்து டிரெய்லரை முந்தினா நான் அவன் பின்னாலயே போயிடுவேன். இல்ல டிரெய்லர் பின்னாலயே அடங்கிட்டான்னா ரெண்டு பேரையும் சேர்த்து முந்துவேன். டிரெய்லருக்குப் பின்னால நாப்பதுல கெடக்கறவன் உடனே மிதிச்சி மேல வர முடியாது.

பின்னால பஸ்சு லைட் போட்டதுன்னு எழுதியிருக்கீங்க. போடட்டும். அவன் லைட்டுக்கு நாம மிதிக்க ஆரம்பிச்சா 92, 108 ஆயிடும். நீங்க மிதிக்காம காலை எடுத்தீங்க பாருங்க, பெரிய விசயம் அது. ரத்தினகிரிகிட்ட சி.எம்.சி.யோட புது ஆஸ்பத்திரி வந்த பெறவு விபத்து கேசெல்லாம் அங்கதான் போவுது. ரோட்டுல இருந்தே வாசல் தெரியும். ஆம்புலன்ஸ் உள்ள திரும்பற ஒவ்வொரு தபாவும் நான் வேகத்தைக் கொறச்சி வழி விட்டுட்டுதான் போவேன். அதுக்குள்ள இருக்கறவன் கூட யாரையாவது முந்திக்கினு இருந்தவன்தான், இல்லன்னா முந்தப்பட்டவன்.

அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க டீச்சர். பொண்ணுக்கு ஸ்டியரிங்ல நிதானம் இருக்குது, அவர் பயப்பட வேணாம்.

---

ஆம்பூர் பாஷா:

அண்ணே, கோபமெல்லாம் இல்ல. லைசென்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது. நான் ஷூ கம்பெனி வேலைக்கு பைக்ல போறவன், நீங்க சொன்ன அந்த 17 விநாடி கணக்கை எங்க வீட்டுப் பையனுக்குப் படிச்சுக் காட்டினேன். டீச்சர், நீங்க போராடுங்க.

---

ஆற்காடு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. டிரைவர் அண்ணா, நீங்க வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தீங்கன்னு படிச்சதும் அம்மாகிட்ட சத்தமா வாசிச்சேன். அப்பாவும் பக்கத்துல இருந்து கேட்டார்.

நேத்து சாயங்காலம் தம்பியும் நானும் உட்கார்ந்து டேஷ்கேம் பதிவை மெதுவா ஓட விட்டுப் பார்த்தோம். நீலத் தார்ப்பாய் போட்ட டீக்கடை வருது. அதுக்கு முன்னால ரெண்டு லாரி நிக்குது, ஒண்ணு வைக்கோல் ஏத்தின லாரி, லோடு ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கிட்டு இருக்கு. பலகை எந்த ஃபிரேம்லயும் தெரியல. கம்பத்தோட அடிப்பகுதி மட்டும் சக்கரத்துக்கு நடுவுல ஒரு கீத்து மாதிரி வந்துட்டுப் போகுது. அந்த இடத்துல என் வேகம் 78. ஓவர்டேக் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. கேமரா இருக்குன்னு எச்சரிக்கிற பலகையும் தேடினோம், எங்க பதிவுல அப்படி எதுவும் கண்ணுக்குப் படல.

எலக்ட்ரானிக்ஸ் சார் சொன்ன மாதிரி ஃபிரேமும் பிடிச்சோம். இ-சலான் படத்துல அவர் வண்டி எங்களுக்கு ஒரு கதவு முன்னால இருக்கு, பின்னணியில ஒரு மைல்கல் தெரியுது. அதே மைல்கல்லை நாங்க தாண்டும்போது எங்க வேகம் 88, அடுத்த நொடியே 85. நீங்க சொன்ன பின்தங்கலைச் சேர்த்தாலும் 92ஐத் தாண்டல.

இ-சலான் தளத்துலயே குறைதீர்ப்புப் பகுதியில எழுதப் போறேன். வக்கீல் சார் சொன்ன வரிசைப்படி முதல்ல பலகை மறைஞ்சு இருந்தது, அடுத்தது எந்தக் கருவி, எந்தச் சான்று, கடைசியா ரெண்டு வண்டியில எதோட வேகம் என்கிற கேள்வி. பணம் இப்ப கட்டல. டிரைவர் அண்ணா, அந்த ரெண்டு போட்டோவையும் அனுப்புங்க, சேர்த்துக்கிறேன். போர்டை மீடியன்லயும் வைக்கச் சொல்லி நெடுஞ்சாலைக்காரங்களுக்குத் தனியா ஒரு மனு எழுதுறேன், அதுல உங்க கையெழுத்தும் வேணும்.

வக்கீல் சார், ஒரே ஒரு சந்தேகம். டேஷ்கேம் கிளிப்பை பலகை வர்ற இடத்தோட வெட்டி அனுப்பலாமா? 92 வர்ற பகுதியைக் கொடுக்க வேண்டாம்னு தம்பி சொல்றான்.

---

சத்துவாச்சாரி வக்கீல்:

வெட்டாதீர்கள் அம்மா. வெட்டிய கிளிப் என்று தெரிந்தால் மீதியில் என்ன இருக்கிறது என்றுதான் முதல் கேள்வி வரும். மனுவோடு பலகை இருக்கும் இடத்தின் படங்களை மட்டும் இணையுங்கள், "முழுப் பதிவும் என்னிடம் இருக்கிறது, கேட்டால் தருகிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். மறைத்ததாகவும் ஆகாது, கேட்கும் முன்னே நீட்டியதாகவும் ஆகாது. குறைதீர்ப்பில் மறுத்துவிட்டால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே முழுப் பதிவும் பேசட்டும். பலகை கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததா என்பதை அங்கே மாஜிஸ்திரேட் தீர்மானிப்பார், முடிவு இப்படித்தான் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

முக்கியமாக, மெமரி கார்டை இன்றைக்கே கேமராவிலிருந்து கழற்றிவிட்டு வேறு கார்டு போடுங்கள். டேஷ்கேம் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே எழுதும். லேப்டாப்பில் நகல் எடுத்திருந்தாலும் அசல் கார்டு வேண்டும், 63ஆம் பிரிவுச் சான்று உங்கள் பதிவுக்கும் தேவைப்படும்.

---

ஆற்காடு டீச்சர்:

கழற்றியாச்சு சார். உறையில போட்டு, தேதி எழுதி அப்பா பீரோவில வச்சுட்டார். சாவி அவர்கிட்டதான் இருக்கு.